இறக்கி வைத்த கத்தி

கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மியூசியத்தில், பார்க்க வந்த ஒருவன் மாதா சுரூபத்தின் கிரீடத்தைத் தொட்டான். தொடாதீங்க என்று அங்கே காவலுக்கு இருக்கும் சாவியக்கா நல்லபடியாகத்தான் சொன்னாள். அவன் இளித்துக்கொண்டே மறுபடியும் தொட்டான். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி அவன் நெற்றியில் ஒரே போடு போட்டாள். தையல் போடும்படி ஆயிற்று. பங்குச்சாமியார் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பொறுமை என்றால் என்ன என்று விளக்கினார். தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்து குழாயடியில் சாவிக்கொத்தை அலசிவிட்டு, பழையபடி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

கை நீட்டி அடிப்பது அவளுக்குப் பிறவிக் குணம் என்று அண்ணி சொல்வாள். பிறவி எல்லாம் இல்லை. வளர்ந்த இடம் அப்படி. அப்பாவுக்குக் கோயிலுக்கு எதிர்த் தெருவில் கறிக்கடை. அண்ணன் வெட்டுவான், தம்பி எடை போட்டுக் கட்டிக் கொடுப்பான், கத்திகளைத் தீட்டுவது அவள் வேலை. பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, தீட்டுக்கல்லில் தண்ணீர் தெளித்து, விடியும்போதே உட்கார்ந்துவிடுவாள். தீட்டி முடித்ததும் அப்பா கத்தியை வாங்கித் தன் முன்கையில் வைத்து இழுத்துப் பார்ப்பார். முடி மழித்துக்கொண்டு வந்தால் பேசாமல் போய்விடுவார். வராவிட்டால் கன்னத்தில் ஓர் அறை விழும். அந்த வீட்டில் பாராட்டு என்பதே அறை விழாமல் இருப்பதுதான். கத்தியைப் பார்த்துக்கொள்வது என்றால் கூர் தீட்டுவது என்றே அவள் கையில் ஊறிப்போனதும் அங்கேதான்.

தம்பி வேறு மாதிரி. அவனுக்குக் கையைவிட வாய் நீளம். வாங்க வருகிறவர்களை எல்லாம் கிண்டலடிப்பான், அவர்களும் அதற்காகவே வருவார்கள். வாய்க்கு ஒரு பூட்டுப் போடுடா என்று அவள் சொல்லாத நாள் இல்லை.

ஒரு மத்தியானம் மூட்டை தூக்குகிற ஒருவன் தன் கைவண்டியைக் கடைவாசலை அடைத்தாற்போல நிறுத்திவிட்டு நிழலில் உட்கார்ந்தான். நெட்டையன் என்று சந்தையில் அவனைக் கூப்பிடுவார்கள். வண்டியை எடு என்றான் தம்பி. கொஞ்சம் பொறு என்றான் அவன். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய பேச்சு. தம்பி ஏதோ நக்கலாகச் சொன்னான், நெட்டையன் அம்மாவை இழுத்துத் திட்டினான், தம்பி எட்டி அவன் கன்னத்தில் ஒன்று விட்டான். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் காரியத்தைக் கெடுத்தது. நெட்டையன் வெட்டுக்கட்டையில் கிடந்த கத்தியை எடுத்து, தம்பியின் விலாவுக்குக் கீழே சொருகினான். உருவி இன்னொரு முறை சொருகினான். அதற்குள் அண்ணன் உள்ளேயிருந்து பாய்ந்து வர, கத்தியோடு சந்தைக்குள் ஓடி மறைந்தான்.

சாவியக்கா அப்போது வாளியோடு வாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள். தம்பியை மடியில் போட்டு இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். சூடாக விரலிடுக்கில் வந்துகொண்டே இருந்தது. எவ்வளவு ரத்தம் போனால் உயிர் போகும் என்பது அவளுக்குத் தெரியும், தினமும் பார்த்த வீடு. ஆட்டோ வருவதற்கு முன்பே அவன் போய்விடுவான் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அழுத்திக்கொண்டே இருந்தாள். காலையில் அந்தக் கத்தியைத் தீட்டியது அவள்தான்.

நெட்டையன் பிடிபட்டான், கத்தி மட்டும் கிடைக்கவில்லை. பார்த்த சாட்சிகளை வைத்தே உள்ளே தள்ளினார்கள். மகனைப் புதைத்த அப்பா அதற்குப் பிறகு கடைப் பக்கமே வராமல், கொஞ்ச காலத்தில் தானும் போய்ச் சேர்ந்தார். அவளுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார், வெட்டுக்குத்துக் குடும்பம் நமக்கு ஒத்து வராது என்று நழுவிக்கொண்டார்கள். அண்ணன், தம்பியின் கல்லறையில் மண்ணை அள்ளிக் கையில் வைத்துக்கொண்டு, அவன் வெளியே வரட்டும், வந்த அன்றைக்கே முடிக்கிறேன் என்று எல்லார் காதிலும் விழச் சொன்னான். அண்ணன் வாய்ச்சொல் வீரன் இல்லை. சொன்னால் செய்வான். அதுதான் அவளுக்குப் பயம். அவனுக்கு அதற்குள் இரண்டு பெண் குழந்தைகள்.

வீட்டில் அண்ணியும் அவளும் ஒரே அடுப்படியில் உரசிக்கொண்டிருந்ததைப் பார்த்து, பங்குச்சாமியார் மியூசியத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவளுக்குக் கொடுத்தார். மியூசியம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பழைய சாமியார் வீடு, இரண்டு அறையும் ஒரு நடையும். முதல் அறையில் மூக்குடைந்த மரச் சுரூபங்கள், இறக்கை ஒன்று போன தேவதூதச் சம்மனசு, நற்கருணை வைத்துக் காட்டுகிற, கப்பலில் வந்ததாகச் சொல்லும் ஒரு கதிர்ப்பாத்திரம், நூல் இற்றுப்போன பூசைப் பட்டு அங்கிகள். நடையில் நேர்த்திக்கடனாக வந்த வெள்ளிக் கை, வெள்ளிக் கால், வெள்ளிக் கண். உள்ளறையில் ஒரே ஒரு பெரிய கண்ணாடி அலமாரி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சம்மனசைப் பார்க்காமல் நேராக அங்கேதான் ஓடுவார்கள்.

அந்த அலமாரி முழுக்க ஆயுதங்கள். எப்போதோ இருந்த ஒரு சாமியார், தெருவில் தொடர்ந்து கொலை விழுந்த காலத்தில், பழிவாங்க மாட்டேன் என்று முடிவெடுத்தவன் தன் ஆயுதத்தைப் பீடத்தடியில் வைத்துவிட்டுப் போகலாம், பெயர் கேட்க மாட்டேன், காரணம் கேட்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அது நிலைத்துவிட்டது. வைத்துவிட்டுப் போனவையெல்லாம் அலமாரிக்கு வந்தன. பங்காளியின் தோளைப் பிளந்த அரிவாள், ஒருவனுடைய கண்ணைப் பறித்த சைக்கிள் செயின், கழுத்துடைந்த பாட்டில், பெற்ற மகனை அடித்தே ஊமையாக்கியவனின் பெல்ட். ஓர் இரும்பு வாணலிகூட இருந்தது. அதை வைத்தவள் புருஷன் வருடம் தவறாமல் வந்து அதன் முன்னால் முழங்காலிட்டுக் கடவுளுக்கு நன்றி சொல்வான், மியூசியத்திலேயே பக்தியான ஆள் அவன்தான். பெயர் கேட்காவிட்டால் என்ன, வைத்தவர்கள் யாரும் வராமல் இருந்ததில்லை. ஒரு நாள் வந்து, தாங்கள் வைத்ததன் முன்னால் நின்று, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். சாவியக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடியே யார் எதைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்வாள்.

மறைமாவட்டத்துப் பெரிய மியூசியத்திலிருந்து ஒரு டீச்சரம்மா வந்து அவளுக்குப் பழக்கிக் கொடுத்தாள். கையுறை போட வேண்டும், மெல்லிய தூரிகையால் தூசு தட்ட வேண்டும், இரும்புக்கு லேசாக எண்ணெய் தடவ வேண்டும். ஒரு பொருள் எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும், கறை இருந்தால் கறையோடு, கூர் மழுங்கி மொட்டையாக இருந்தால் மொட்டையாக. அழகுபடுத்தக் கூடாது, கூர் தீட்டவே கூடாது. சாவியக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சொன்னபடியே நடக்கவும் செய்தாள், அந்த ஒரு கத்தி வரும்வரை.

நெட்டையன் விடுதலையானான் என்ற செய்தி சந்தைக்கு வந்த மழைக்காலத்தில், காலைப் பூசை முடிந்து பங்குச்சாமியார் ஒரு சாக்குத் துணியைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். பீடத்தடியில் இருந்ததாம். அவள் பிரித்தாள். மண்ணில் புதைந்து கிடந்து கறுத்துப்போன கறிக்கத்தி. மரப்பிடியில் வெடிப்பு, வெடிப்பின்மேல் செம்புக் கம்பி இறுக்கிச் சுற்றியிருந்தது. பழைய மோட்டாரைப் பிரித்து அந்தக் கம்பியை எடுத்து அப்படிச் சுற்றியவள் அவள். தம்பி அதைப் பிடித்துக்கொள்ள, அவள் சுற்றினாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னம்மா என்று சாமியார் கேட்டார். துரு ரொம்ப ஏறியிருக்கு ஃபாதர் என்றாள்.

அண்ணனிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் சாப்பாட்டுத் தூக்கின் அடியில் வீட்டுத் தீட்டுக்கல்லை வைத்துக் கொண்டுவந்தாள். துருவை எடுத்தாள், எண்ணெய் போட்டாள், அதோடு நிற்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து தீட்டினாள். தன் முன்கையில் வைத்து இழுத்துப் பார்த்தாள். முடி மழிந்தது. அதன் பிறகு வாரா வாரம் தீட்டினாள். மற்ற ஆயுதங்கள் மொட்டையாக, அமைதியாகக் கிடந்தன. இது மட்டும் நேற்றுக் கடையிலிருந்து வந்ததுபோல இருந்தது. மாதாமாதம் சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில் கோபம், பொறாமை, அண்ணியைத் திட்டியது எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவாள். இதை மட்டும் சொல்ல மாட்டாள். கத்தி தீட்டுவது பாவம் என்று எந்தச் சாமியார் சொன்னார் என்பது அவள் கட்சி.

அவளுக்கு எல்லாம் கணக்காகத் தெரிந்திருந்தது. வைத்தவன் வந்து பார்ப்பான். வந்தே தீருவான். அவன் கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்போது அவள் எண்ணெய் போடுகிற சாக்கில் அலமாரியைத் திறப்பாள். அவளுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, ஜெயிலுக்குப் போனால் அழ ஆள் இல்லை. அண்ணன் கண்ணில் அவன் படுவதற்குள் அவள் முடித்துவிட வேண்டும். அப்புறம் அண்ணன் காலாகாலத்துக்கும் ஆடு வெட்டிக்கொண்டு, பெண்களைக் கட்டிக்கொடுத்து, தொப்பை வளர்த்துக்கொண்டு கிடக்கலாம். இந்த எண்ணம் அவளுக்குத் தூக்கத்தைக் கெடுக்கவில்லை. நன்றாகத் தூங்கினாள்.

வருடக்கணக்கில் அவன் வரவில்லை. வெளியூரில் எங்கோ செங்கல் சூளையில் இருக்கிறான் என்று பேச்சு. பிறகு ஒரு நாள், பெரிய வெயிலில், ஆளில்லாத நேரத்தில் வந்தான். நெட்டையாக இருந்தவன் கூனிப்போயிருந்தான். கால் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, சம்மனசையும் கதிர்ப்பாத்திரத்தையும் தாண்டி, நேராக உள்ளறைக்குப் போனான். அவள் எழுந்து பின்னாலேயே போனாள். போகும்போதே கொத்திலிருந்து அலமாரிச் சாவியைத் தேடிப் பிடித்தாள்.

அவன் அவளை யாரென்று அறியவில்லை. கண்ணாடியில் நெற்றியை ஒட்ட வைத்துக்கொண்டு பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு திரும்பாமலே கேட்டான்.

“இதுக்கெல்லாம் எண்ணெய் போடுறது நீங்களாம்மா?”

“ஆமா.”

“துருப்பிடிச்சு உதிர்ந்து போயிருக்கும்னு நெனச்சேன். அதைப் பாத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன்.”

அவள் அலமாரியைத் திறந்து கத்தியை எடுத்தாள். அவனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள், அவன் மரியாதையாகத் தள்ளி நின்று, சுவரில் சிலுவையோடு இருந்த பாடுபட்ட சுரூபத்தைப் பார்க்கத் திரும்பினான். சட்டைக்குள்ளே விலா எலும்பு தெரிந்தது. எங்கே சொருக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பிடியை இறுக்கினாள். செம்புக் கம்பி உள்ளங்கையில் பதிந்தது. செய்திருப்பாளா என்று கேட்டால், செய்திருப்பேன் என்றுதான் இன்றைக்கும் சொல்வாள். சொல்லட்டும். அவள் நின்ற நேரம் ஒரு குத்துக்குத் தேவையானதைவிட அதிகம்.

அந்த நேரத்தில் வெளியே ஓடி வரும் காலடிச் சத்தம் கேட்டது. அண்ணன். வெட்டுக்கட்டையிலிருந்து நிமிர்ந்தபோது எதிரே போகிறவனை அடையாளம் கண்டிருக்கிறான். கையிலிருந்த வெட்டுக்கத்தியைக் கடையில் நின்றவர்கள் பிடுங்கிக்கொண்டு ஆளைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். உதறிவிட்டு வெறுங்கையோடு தெருவைத் தாண்டி வந்தான். மார்பெல்லாம் ஆட்டு ரத்தம். உள்ளறை வாசலில் வந்து நின்றவன், நெட்டையனைப் பார்த்தான், தங்கை கையில் இருந்ததைப் பார்த்தான். கறிக்கடைக்காரனுக்குத் தன் கடைக் கத்தி தெரியாதா. அவள் கையை முறுக்கிப் பிடுங்கினான்.

நெட்டையன் திரும்புவதற்குள் முதல் குத்து தோளில் இறங்கியது. அவன் அலறிக்கொண்டு அலமாரிமேல் சாய்ந்தான். கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது, வாணலி தரையில் விழுந்து உருண்டது, செயினும் பெல்ட்டும் அவன் தலைமேல் விழுந்தன. அண்ணன் ஒரு காலால் அவன் வயிற்றை மிதித்து, கத்தியை உருவி, நெஞ்சுக்கு ஓங்கினான். நெட்டையன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டான்.

சாவியக்கா குறுக்கே பாய்ந்து கத்தியைப் பிடித்தாள். பிடியைப் பிடிக்க நேரமில்லை, அலகையே பிடித்தாள்.

“விடுடி.”

“நீ விடு.”

மொட்டைக் கத்தியாக இருந்திருந்தால் ஒரு கீறலோடு போயிருக்கும். அது முடி மழிக்கிற கத்தி. எலும்பில் மாட்டிய கத்தியை இழுக்கிற பழக்கத்தில் அண்ணன் வெடுக்கென்று பின்னால் இழுத்தான். அவள் விரல்களுக்குள்ளே அது சத்தமில்லாமல் ஓடியது. அவள் விடவில்லை. இன்னும் இழுத்தால் விரல் தரையில் விழும் என்ற நிலையில்தான் அண்ணன் தன் மணிக்கட்டில் சூடாக வழிவதைப் பார்த்தான். ஆட்டு ரத்தத்துக்கும் தங்கை ரத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. கை தளர்ந்தது. கத்தி விழுந்தது.

மூன்று பேரும் கண்ணாடித் தூளில் கிடந்தார்கள். அண்ணன் சுவரோரம் சரிந்து உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கத்தி நெட்டையன் காலடியில் கிடந்தது. அவன் நினைத்திருந்தால் எடுத்திருக்கலாம். தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தள்ளாடி முன்னறைக்குப் போய், கைக்குக் கிடைத்த பூசை அங்கியை உருவிக்கொண்டு வந்து அவள் கையைச் சுற்றத் தொடங்கினான்.

“அது பட்டு. அதத் தொடாத” என்றாள் அவள்.

அவள் யாரென்று அவனுக்குத் தெரிந்த பிறகு, தம்பியைக் கொன்றவனிடம் அவள் பேசியது அது ஒன்றுதான். அவன் கேட்கவில்லை. பல்லால் கிழித்து, இறுக்கி முடிச்சுப் போட்டான். நூறு வருடத்துப் பட்டு நொடியில் நனைந்தது. மரியாதையாகக் கட்டியவனின் முகத்தில் காறித் துப்ப வேண்டும் என்று அவளுக்கு இருந்தது, வாயில் எச்சில் இல்லை. அதற்குள் பங்குச்சாமியாரும் கடையிலிருந்தவர்களும் ஓடி வந்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வந்தது. நெட்டையன் கண்ணாடியில் சாய்ந்தேன், உடைந்து குத்திவிட்டது என்றான். அவள், துடைக்கும்போது கை வழுக்கிவிட்டது என்றாள். இன்ஸ்பெக்டர் முட்டாள் இல்லை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார், புகார் கொடுக்க யாரும் இல்லை என்பதால் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். கண்ணாடி அவ்வளவு ஆழமாகக் குத்துமா என்று நர்ஸ் மட்டும் வாய்விட்டே கேட்டாள். சாமியார் வந்து கட்டிலருகே நின்று, அவனை மன்னித்துவிட்டாய் அம்மா, பெரிய மனசு என்று கண் கலங்கினார். இல்லை ஃபாதர், மன்னிக்கவில்லை என்று அவள் சொன்னதை, வலியில் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டார். இரண்டு விரல் இனி மடங்காது என்று டாக்டர் சொன்னதையும் அவர்தான் தயங்கித் தயங்கி அவளுக்குச் சொன்னார்.

சாயங்காலம் பார்க்க விடுகிற நேரத்தில் அண்ணன் வந்தான். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான், கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடை, வெயில், சின்னவளின் காய்ச்சல் எல்லாம் பேசினான். பேச ஒன்றுமில்லாமல் ஆனதும் கேட்டான்.

“இத்தன வருசமாக் காணாமக் கெடந்த கத்தி அப்படி இறங்காது. யாரு தீட்டுனது?”

அவள் போர்வையை இழுத்துக் கட்டுப் போட்ட கையை மூடிக்கொண்டாள்.

“அந்தக் கூர் எனக்குத் தெரியாதா? சின்ன வயசுலேருந்து அதுலதானே வெட்டுறேன். நீதான் தீட்டியிருக்க. அவனுக்காகத்தான் தீட்டி வெச்சிருக்க.”

“ஆமா.”

“பின்ன என்னை ஏன் தடுத்த?”

“எனக்காகத் தீட்டுனதுண்ணே. உனக்காக இல்ல.”

அவனுக்கு முதலில் புரியவில்லை. அவள் விளக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன் தோள் குலுங்கத் தொடங்கியது. தம்பியைப் புதைத்தபோதும் அழாத மனுஷன், கட்டிலின் இரும்புக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்க வாய்விட்டு அழுதான். அவள் நல்ல கையால் அவன் பின்னந்தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்கள் வார்டில் நெட்டையன் இருமுவது கேட்டது. அவன் உயிரோடு இருப்பது அவளுக்கு இன்னும் எரிந்தது. பிள்ளைகள் சாப்பிடாமல் காத்திருக்கும், வீட்டுக்குப் போ என்று அண்ணனிடம் சொன்னாள்.